பட்டாளத்து லாரியும் பழைய வர்ணமும்

பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த சுவரை நம்மில் பலர் பார்த்திருப்போம். ஓரிடத்தில் காரை பெயர்ந்தால், மேலே வெள்ளை, அதனடியில் நீலம், அதற்கும் அடியில் காவி என்று அடுக்கடுக்காகத் தெரியும். வீட்டுப் பெரியவர்கள் அந்த அடுக்குகளைக் காட்டி, "இது உன் அத்தை கலியாணத்துக்கு அடித்தது, இது தாத்தா காலத்தது" என்று சொல்லிவிடுவார்கள். இரும்பு வண்டிக்கும் இதே கதை உண்டு. அதிலும் பட்டாளத்தில் உழைத்த லாரிக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. அதன் பூச்சுகள் வீட்டாரின் விருப்பப்படி பூசப்பட்டவை அல்ல. மேலிடத்து உத்தரவின்படி பூசப்பட்டவை. உத்தரவுக்குத் தேதி உண்டு. ஆகவே பூச்சுக்கும் தேதி உண்டு. அந்தத் தேதிகளை எப்படிப் படிப்பது என்பதை நம் மாணவ நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

"பழைய இரும்புக்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். 1939 முதல் 1945 வரை நடந்த உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேராக வளர்ந்தது. அனைவரும் தாமாகச் சேர்ந்தவர்கள். தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்களும் அவர்களில் பல்லாயிரவர். தளபதிகளின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அரிசி மூட்டையும் வெடிகுண்டுப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு இரவில் விளக்கில்லாமல் மலைப்பாதையில் லாரி ஓட்டியவனின் பெயரை எந்த நூலில் தேடுவது? அவன் எந்தப் படைப்பிரிவில் இருந்தான், என்ன வேலை செய்தான் என்பதற்குச் சில வேளைகளில் எஞ்சியிருக்கும் சான்று, அவன் ஓட்டிய வண்டியின் மட்கார்டில் மூன்று பூச்சுகளுக்கு அடியில் புதைந்து கிடக்கும் ஒரு சிறு சதுரம். அதைச் சுரண்டி எறிந்துவிட்டால் மறுபடி எழுதிக்கொள்ள முடியாது.

அந்த லாரிகள் வந்த வழி

நம் நாட்டில் இன்று எஞ்சியிருக்கும் போர்க்கால லாரிகளில் பல கானடாவில் பிறந்தவை. அந்நாட்டின் வின்ட்சர் நகரத்து ஃபோர்டு தொழிற்சாலையும், ஆஷவா நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலையும் ஒரே பொது மாதிரியில் இராணுவ லாரிகளைச் செய்து குவித்தன. போர்க்காலத்தில் கானடா செய்த இராணுவ வண்டிகள் 8 இலட்சத்திற்கும் மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி இந்தக் 'கானடிய இராணுவ மாதிரி' வண்டிகளே. பிரித்த உறுப்புகளாகப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு, கப்பலில் வந்து, இந்தியாவில் பூட்டப்பட்டவையும் பல. ஃபோர்டு கானடாவின் சேஸிஸ் மீது இந்தியாவிலேயே கவசத் தகடு பொருத்திச் செய்த சிறு கவச வண்டிகளும் இருந்தன. தகடு வந்த இடத்தை வைத்துப் படைவீரர்கள் அவற்றை 'டாடாநகர்' என்றே அழைத்தனர்.

போர் முடிந்தபின் மிஞ்சிய வண்டிகள் 'டிஸ்போஸல்' என்ற பெயரில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றின்மீது மரப்பெட்டி பூட்டிப் பஸ்ஸாக்கினர். தொட்டி ஏற்றித் தண்ணீர் வண்டியாக்கினர். கரும்பும் மரமும் சுமக்க வைத்தனர். பெட்ரோல் எஞ்சின் களைத்தபோது அதைக் கழற்றிவிட்டு, சென்னையில் சிம்ப்சன் நிறுவனம் பெர்கின்ஸ் உரிமத்துடன் செய்த டீசல் எஞ்சினை வைத்தவர்களும் உண்டு. ஒவ்வொரு சொந்தக்காரரும் தம் பங்குக்கு ஒரு பூச்சுப் பூசினார். நல்ல வேளையாக, அடியில் இருப்பதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசும் பொறுமை அவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. பழையதன் மேலேயே புதியதை இழுத்துவிட்டார்கள். அந்தச் சோம்பலே இன்று நமக்கு ஆவணக் காப்பகமாயிற்று.

நிறங்களின் நாட்குறிப்பு

பிரிட்டிஷ் இராணுவம் தன் வண்டிகளுக்கு இட்ட நிறங்களைக் கால வரிசையில் பார்ப்போம். இந்தியப் படை வண்டிகளுக்கும் கானடாவில் செய்த வண்டிகளுக்கும் இந்த வரிசையே பெரும்பாலும் அடிப்படை.

போர் தொடங்கிய 1939 முதல் 1941 வரை பொதுவான நிறம் 'காக்கிப் பச்சை எண் 3' என்பது. அதன்மேல் கரும்பச்சையில் அகன்ற பட்டைகளை இட்டு வண்டியின் உருவத்தைக் குலைப்பார்கள். 1941இல் வெளியான ஒரு பயிற்சிக் கையேடு வேறொரு முறையைச் சொல்லிற்று. வண்டியின் மேற்பகுதியில் வட்டவட்டமாகக் கருநிறத் திட்டுகள். பார்ப்பதற்கு மிக்கி எலியின் காதுகளைப் போலிருக்கும். வீரர்கள் அதற்கு 'மிக்கி மவுஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1942இல் அடிப்படை நிறமே மாறியது. பச்சை போய்க் கரும்பழுப்பு வந்தது. 1944 ஏப்ரலில் மறுபடி ஓர் உத்தரவு: பழுப்பு போய் ஆலிவ் பச்சை வந்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் மணல்கல்லின் வெளிர் நிறமும், கீழைநாட்டுக் காடுகளுக்கெனக் 'காட்டுப் பச்சை' என்ற நிறமும் தனியே இருந்தன. போருக்குப் பின், 1940களின் இறுதியில், பிரிட்டிஷ் வண்டிகள் பளபளக்கும் ஆழ்ந்த வெண்கலப் பச்சைக்கு மாறின.

பச்சை திடீரென்று பழுப்பானது ஏன்? இங்கேதான் இரசாயனம் பயிலும் எனக்கு ஆர்வம் பிறந்தது. இராணுவப் பச்சைக்கு ஏற்ற நிறமி குரோமியம் ஆக்ஸைடு. வெயிலுக்கு வெளுக்காது; அமிலத்துக்கு அசையாது. அதோடு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அது ஓரளவு இலைகளைப் போலவே பிரதிபலிக்கும். வானிலிருந்து அகச்சிவப்புப் படம் எடுத்தால், சாதாரணப் பச்சை வர்ணம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குரோமியப் பச்சை அவ்வளவு எளிதில் காட்டிக்கொடுக்காது. ஆனால் போர்க்காலத்தில் அந்த நிறமிக்குத் தட்டுப்பாடு வந்தது. குரோமியம் எஃகுக் கலவைகளுக்கும் வேண்டிய உலோகமன்றோ! பழுப்புக்கு வேண்டியது இரும்பு ஆக்ஸைடு. மண்ணில் மலிந்து கிடப்பது. ஆகவே லாரிகள் பழுப்பாயின. பின்னர் அமெரிக்க வண்டிகள் ஆலிவ் பச்சையில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தபோது, அவற்றையெல்லாம் மறுபடி பூசிக்கொண்டிருப்பதைவிடத் தம் நிறத்தை அவற்றுக்கு இசைவாக மாற்றிக்கொள்வதே எளிது என்று 1944இல் முடிவு செய்தார்கள். ஒரு லாரியின் தோலில் உலகச் சந்தையின் தட்டுப்பாடும் நேச நாடுகளின் உடன்பாடும் பதிந்து கிடக்கின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உத்தரவு பிறந்த நாளும் தூரிகை எடுத்த நாளும் ஒன்றல்ல. கையிருப்பில் உள்ள பழைய வர்ணத்தைத் தீர்த்துவிட்டே புதியதைத் தொடுவது வழக்கம். ஆகையால் ஒரு பூச்சு நமக்கு உறுதியாகச் சொல்வது ஒரே ஒரு செய்திதான்: "இந்த வேலை இந்த ஆண்டுக்கு முன் நடந்திருக்க முடியாது." பழுப்பு இருந்தால் அது 1942க்கு முன் பூசியதல்ல. அதன் மறு எல்லையை வேறு சாட்சிகளைக் கொண்டே கட்ட வேண்டும்.

அடுக்கைப் படிக்கும் முறை

முதலில், எங்கே பார்ப்பது? வெயிலும் மழையும் படாத இடங்களே நல்ல இடங்கள். எஞ்சின் விவரம் பொறித்த பித்தளைத் தகட்டின் பின்புறம், இருக்கையின் அடி, கருவிப் பெட்டியின் உட்புறம், டாஷ்போர்டின் பின்பக்கம், கதவுக் கீலின் மறைவு ஆகிய இடங்களில் தொழிற்சாலைப் பூச்சு அப்படியே இருக்கக்கூடும்.

அடுத்து, வெளிப்பக்கத்தில் ஓர் ரூபாய் நாணய அளவு இடத்தைத் தேர்ந்துகொண்டு, நுண்ணிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, வட்டமாக மெல்லத் தேய்க்க வேண்டும். நடுவில் இரும்பு தெரியும் வரையில் தேய்த்து, ஓரத்தை நோக்கிச் சரிவாக விட்டால், கிண்ணம் போன்ற அந்தக் குழியில் ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். மரத்தை அறுத்தால் ஆண்டு வளையங்கள் தெரிவது போலத்தான். தண்ணீர் தொட்டே தேய்க்க வேண்டும், முகமூடி அவசியம். பழைய பூச்சுகளில் ஈயமும் குரோமேட்டும் கலந்திருக்கும். அந்தத் தூளை மூச்சில் இழுப்பது உடலுக்குப் பெருங்கேடு.

வளையங்களை எண்ணும்போது கவனம் வேண்டும். துருத்தடுப்புச் செம்பூச்சு, பட்டி, மேற்பூச்சு மூன்றும் ஒரே நாளில் நடந்த ஒரே வேலையாக இருக்கலாம். மூன்று வளையம் தெரிகிறதென்று மூன்று காலம் கணக்கிட்டுவிடக் கூடாது. இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. குண்டூசித் தலையளவு சில்லு ஒன்றை எடுத்துப் பிசினில் புதைத்து, குறுக்குவெட்டாக மெருகேற்றி, நுண்நோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பூச்சுகளுக்கு இடையில் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது புழுதியும் எண்ணெய்ப் புகையும் படிந்த கோடு. முதற்பூச்சுடன் வண்டி தெருவில் ஓடியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கோடு இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இரண்டும் ஒரே வேலை. இந்த அழுக்குக் கோடு வர்ணத்தைக் காட்டிலும் மதிப்புள்ள சாட்சி என்பேன். லாரி உழைத்த காலத்தின் கையெழுத்து அது.

எக்ஸ் கதிரை வீசி, திரும்பி வரும் ஒளிர்வைக் கொண்டு தனிமங்களை அறியும் கருவி இப்போது பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அதில் இரும்பு மிகுந்தால் பழுப்பு அல்லது காவி நிறமி. குரோமியம் தனித்து நின்றால் குரோமியம் ஆக்ஸைடு. குரோமியமும் ஈயமும் சேர்ந்து வந்தால் லாரிக்காரர்கள் விரும்பும் மஞ்சள், அதாவது ஈயக் குரோமேட். தைட்டேனியம் நிறையத் தெரிந்தால் அநேகமாகப் போருக்குப் பிந்திய வெளிர்நிறப் பூச்சு. ஆனால் எக்ஸ் கதிர் மேற்பூச்சைத் துளைத்து அடியில் உள்ளதையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஆகவே ஒவ்வொரு வளையத்தின் மேலும் தனித்தனியே பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தே முடிவு கட்ட வேண்டும்.

நிறத்தைக் கண்ணால் ஒப்பிடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எண்ணெய் கலந்த பூச்சு இருட்டில் கிடந்தால் மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் சில நாட்கள் வைத்தால் ஓரளவு தெளியும். தகட்டின் அடியிலிருந்து எடுத்த நிறத்தை அன்றே கடைக்காரரிடம் காட்டி, "இதே நிறம் கலந்து கொடுங்கள்" என்றால் மஞ்சளித்த நிறமே கிடைக்கும்.

குறிகள் பேசும் மொழி

நிறம் காலத்தைச் சொல்லும். குறிகள் வேலையைச் சொல்லும்.

முதற்குறி வண்டியின் பதிவெண். பிரிட்டிஷ் முறையில் எண்ணுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். லாரிகளுக்கு 'எல்', சிறிய டிரக்குகளுக்கு 'இஸட்', கார்களுக்கும் ஜீப்புகளுக்கும் 'எம்', மோட்டார் சைக்கிள்களுக்கு 'சி', ஆம்புலன்ஸ்களுக்கு 'ஏ', டாங்கிகளுக்கு 'டி'. கானடாவின் சொந்தப் படை வண்டிகளில் இவ்வெழுத்துக்கு முன் இன்னொரு 'சி' சேரும். எனவே கானடாவில் செய்த லாரியில் வெறும் 'எல்' மட்டும் இருந்தால், செய்த நாடு வேறு, சேவை செய்த படை வேறு என்பது உடனே விளங்கிவிடும்.

இரண்டாவது, படைப்பிரிவின் சின்னம். 4ஆம் இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு. 5ஆம் டிவிஷனுக்குக் கறுப்பின்மேல் சிவப்பு வட்டம். 7ஆம் டிவிஷனுக்குப் பொன்னிற அம்பு. 17ஆம் டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை. 19ஆம் டிவிஷனுக்குக் குத்துவாள். எழுத்தறியாதவனும் தூரத்திலிருந்தே தன் பிரிவை அறிந்துகொள்ளும்படி அமைந்தவை இவை. எதிரியும் அறிந்துகொள்வான் என்பதால், முக்கியமான நடமாட்டங்களுக்கு முன் இவற்றை அழித்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது, துறைச் சதுரம். மேலே சிவப்பும் கீழே நீலமும் இருந்தால் பீரங்கிப்படை. மேலே வெள்ளையும் கீழே நீலமும் இருந்தால் செய்தித்துறை. குறுக்குக்கோட்டால் சிவப்பும் பச்சையுமாகப் பிரிந்திருந்தால் சரக்கும் உணவும் சுமந்த போக்குவரத்துத் துறை. சதுரத்தின் நடுவில் பிரிவின் எண்ணை வெள்ளையில் எழுதுவார்கள்.

இன்னும் சில உண்டு. முன்புறம் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண் இருந்தால் அது பாலத்துக்கான குறி. இந்த எடை வகுப்பைத் தாங்காத பாலத்தில் வண்டி ஏறக் கூடாது. போரின் தொடக்கத்தில் பானட்டின்மேல் மஞ்சள்பச்சையில் ஒரு திட்டு இருக்கும். நச்சுத் திரவத்துளி பட்டால் சிவந்துவிடும் இரசாயனப் பூச்சு அது. பின் ஆக்ஸிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிபரன்ஷியலில் வெள்ளை அடித்திருந்தால், அது இரவுப் பயணத்தின் அடையாளம். விளக்கணைத்த அணிவகுப்பில் லாரியின் அடியில் மட்டும் ஒரு சிறு விளக்கு எரியும். பின்னால் வருபவன் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வானிலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது.

அமெரிக்க ஜீப்புகளின் பானட்டில் எண் '20' என்று தொடங்கும். 1942 முதல் அந்த எண்ணை மங்கிய நீலச்சாம்பல் வர்ணத்தில் எழுதி வந்தார்கள். கறுப்பு வெள்ளைப் படங்களில் அது கண்ணுக்கே புலப்படாது. எண் இல்லாத ஜீப் என்று பலர் நினைத்துக்கொள்வது இதனால்தான்.

சுதந்திர இந்திய இராணுவ வண்டிகளில் மேல்நோக்கிய அம்புக்குறியைப் பார்த்திருப்பீர்கள். அரசாங்க உடைமைக்கு அம்பு பொறித்த பழைய பிரிட்டிஷ் வழக்கத்தின் மிச்சம் அது. அம்பை அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டி இராணுவத்தில் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். ஜபல்பூரில் செய்த சக்திமான் லாரியின் வயதை அறிய நுண்நோக்கி தேவையில்லை.

மேற்பூச்சுக்கு அடியில் மறைந்த குறியைக் காண எளிய வழி ஒன்று உண்டு. இரவில் டார்ச் விளக்கைத் தகட்டின் பக்கத்தில் படுக்கை வசமாகப் பிடிக்க வேண்டும். எழுத்தின்மேல் பூசிய வர்ணம் இம்மியளவு மேடாக இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்த மேடு நிழல் வீசும். புதைந்த எண் எழுந்து நிற்கும்.

ஒரு லாரியின் கதை

பிழைப்புக்காக அப்பா எங்களைப் புனேக்கு அழைத்து வந்தபோது எனக்கு வயது ஒன்பது. அவர் ஃபிட்டர். அவருடைய மராத்திய நண்பர் ஒருவர் பழைய வண்டிகளைச் சீர்செய்து சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார். அவரை நான் காகா என்று அழைப்பது வழக்கம். சென்ற ஆண்டு அவர் கொட்டகைக்கு ஒரு கானடிய லாரி வந்து சேர்ந்தது. எஞ்சின் மாற்றியது, பின்புறத்தில் தண்ணீர்த் தொட்டி. முன்கண்ணாடி மட்டும் அடிப்புறம் உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. வெயில் பட்டு மின்னி விமானத்துக்குக் காட்டிக்கொடுக்காமலிருக்க அப்படிச் சாய்த்த காபின், அந்த மாதிரி வண்டிகளில் 1941இன் இறுதிக்குப் பின்னரே வந்தது.

"மணல் பீய்ச்சித் துரு எடுக்கிறவன் திங்கட்கிழமை வருகிறான். அதற்குமேல் பச்சை அடித்து, கதவில் கறுப்புப் பூனை போடப் போகிறேன். பர்மாப் போர் என்றால் படக்காரர்கள் கூடுதலாகக் கொடுப்பார்கள்" என்றார் காகா.

"காகா, எனக்கு நான்கு நாள் கொடுங்கள். அது உண்மையில் என்ன வண்டி என்று பார்த்துச் சொல்கிறேன்" என்றேன்.

"நான்கு நாள்தான் பேட்டா. மணல்காரனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது" என்றார்.

கதவிலும் பானட்டிலும் மட்கார்டிலும் மூன்று வளையக் குழிகள் தேய்த்தேன். மூன்றிலும் ஒரே வரிசை. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள், அதனடியில் வெளிர்நீலம், அதன்மேல் மராத்தியில் தண்ணீர் என்று எழுதிய அடையாளம், அதற்கடியில் மங்கலான பச்சை, பிறகு தெளிவான அழுக்குக் கோடு, அதன்கீழ் கரும்பழுப்பு, பிறகு செம்பூச்சு, பிறகு இரும்பு. கருவிப் பெட்டியின் உள்ளே பழுப்பு மட்டுமே இருந்தது. துறை ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது பழுப்பில் இரும்பு மிகுந்திருந்தது, குரோமியம் இல்லை. பச்சையில் குரோமியம் இருந்தது.

இரவில் டார்ச் பிடித்தபோது பானட்டின் இடப்பக்கத்தில் 'எல்' என்ற எழுத்தும் ஏழு இலக்கங்களில் ஐந்தும் தெரிந்தன. மற்ற இரண்டு இலக்கங்கள் இருந்த இடத்தில் யாரோ தகட்டை வெட்டி ஒட்டவைத்திருந்தார்கள். மட்கார்டில், பச்சை அடுக்கின் மேல், குறுக்காகப் பிரிந்த சிவப்புப் பச்சைச் சதுரம் கிடைத்தது. படைப்பிரிவுச் சின்னம் எங்கும் இல்லை.

இவற்றைச் சேர்த்துப் படித்தால் கதை இதுதான். தொழிற்சாலையிலிருந்து பழுப்பு நிறத்தில் வந்தது; ஆகவே 1942க்கு முந்தியதல்ல. காபினின் சாட்சியும் அதற்கு ஒத்துப்போகிறது. பழுப்பு நிறத்தோடு அழுக்குப் படியும் அளவுக்கு உழைத்தது. பிறகு பச்சைக்கு மாறியது. பச்சையாக இருந்தபோது போக்குவரத்துத் துறையில் சரக்குச் சுமந்தது. பிறகு தண்ணீர் சுமந்தது. பிறகு மஞ்சளாகி, நம் கொட்டகைக்கு வந்தது. கறுப்புப் பூனைக்கு இந்தத் தகட்டில் சாட்சி இல்லை.

காகா முகம் சுளித்தார். கறுப்புப் பூனைக்குக் கிடைக்கும் வாடகை, சிவப்புப் பச்சைச் சதுரத்துக்குக் கிடைக்காது. அது அவருக்கு நிஜமான நஷ்டம். சும்மா படிப்பாளித்தனமாகப் பேசி அதை மறுக்க எனக்கு மனமில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: "படப்பிடிப்புக்கு எந்தச் சின்னம் வேண்டுமோ அதைத் தனித் தகட்டில் எழுதி மாட்டுங்கள், காகா. முடிந்ததும் கழற்றிவிடலாம். வண்டியின் உடம்பில் மட்டும் அதற்குரியதை எழுதுங்கள்."

இரண்டு நாள் யோசித்துச் சம்மதித்தார். கதவின் உட்புறத்தில் உள்ளங்கையளவும், பானட்டின் இடப்பக்கம் முழுவதும் மணல் படாமல் தப்பின. பெயர்ப்பலகை எழுதுபவர் வந்து வலப்பக்கத்தில் ஐந்து இலக்கங்களை எழுதிவிட்டு, "மீதி இரண்டு?" என்று கேட்டார். "இடத்தை வெறுமையாக விடு" என்றார் காகா. யாராவது கேட்டால் அந்த வெறுமையைக் காட்டியே கதை சொல்லத் தொடங்கிவிடுகிறார் இப்போது.

பொய்ச் சின்னத்தின் கேடு

பொய்யாக ஒரு சின்னம் எழுதினால் யாருக்கு என்ன கேடு? 5ஆம் இந்திய டிவிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 மார்ச்சில் அராக்கான் களத்திலிருந்து அதை விமானங்களில் தூக்கி வந்து இம்பால், திமாப்பூர் பகுதிகளில் இறக்கினார்கள். மூன்று டன் லாரியை டக்கோட்டா விமானத்தில் ஏற்ற முடியாது. ஆகவே சிவப்பு வட்டம் உண்மையாகவே பொறித்த லாரியாயினும், அது இம்பாலில் நின்றது என்று அதனாலேயே சொல்லிவிட முடியாது. சின்னம் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று சொல்லும். போன வழியைச் சொல்லாது. உண்மைச் சின்னத்துக்கே இவ்வளவு வரம்பு இருக்க, பொய்ச் சின்னம் எத்தனை தூரம் வழிதவறச் செய்யும்!

ஊர்வலத்திலும் கண்காட்சியிலும் வரும் ஜீப்புகளைப் பாருங்கள். பானட்டில் தவறாமல் ஒரு வெள்ளை நட்சத்திரம். நட்சத்திரம் அமெரிக்கப் படைக்குரியது. 1944 ஜூனில் நார்மண்டிப் படையெடுப்புக்காக நேச நாட்டு வண்டிகளுக்குப் பொதுச் சின்னமாயிற்று. அந்த ஜீப்பின் முன்வலையில் உள்ள நீண்ட துளைகளை எண்ணுங்கள். போர்க்கால ஜீப்புக்கு ஒன்பது; அதன் வழிவந்த பொதுமக்கள் ஜீப்புக்கு ஏழு. ஏழு துளை ஜீப்பில் போர்க்கால நட்சத்திரம் இருந்தால், அது பிறக்குமுன்பே போருக்குப் போன வண்டி! அதே ஜீப் நம் கிராமங்களில் மருத்துவரையும் பொறியாளரையும் சுமந்து சேறும் மணலும் கடந்திருக்கும். அந்தப் பெருமை அதற்குப் போதாதா? இரவல் வீரம் பூசி, அதன் சொந்த உழைப்பை மறைப்பானேன்?

நாம் செய்யக்கூடியது

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் நண்பர்களே! பழைய அரிசி ஆலை முற்றத்திலும், கரும்பாலைக் கொட்டகையிலும், பஸ் முதலாளியின் பின்கட்டிலும் இத்தகைய வண்டிகள் இன்னும் கிடக்கலாம். சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள். தகடுகளில் பொறித்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபோர்டு செய்த ஜீப்பானால் போல்ட்டுகளின் தலையில் 'எஃப்' என்ற எழுத்து இருக்கும், அதையும் பாருங்கள். இருட்டியபின் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படமெடுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்குப் பக்கத்தில் வையுங்கள். வளையக் குழி தேய்த்தால், மேலிருந்து கீழாக நிறங்களை வரிசைப்படுத்தி, எந்த இடத்தில் தேய்த்தீர்கள் என்பதையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். கண்டதை ஒரு பக்கத்திலும் ஊகித்ததை மறுபக்கத்திலும் எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம்.

சொந்தக்காரர் வண்டியைப் புதுப்பிக்க விரும்பினால் தடுக்க வேண்டியதில்லை. துரு தின்று அழிவதைவிடப் புதுப்பூச்சோடு வாழ்வது மேல். உள்ளங்கையளவு இடத்தை மட்டும் பழையபடி விட்டுவிடச் சொல்லிக் கேளுங்கள். கதவின் உட்புறமாக இருந்தால் அழகும் கெடாது. நிறமற்ற வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டால் துருவும் ஏறாது. நம்மைவிட நல்ல கருவியோடு பின்னால் வரும் மாணவன் ஒருவனுக்கு அந்த உள்ளங்கையளவு போதும்.